உருள்பலகை விளையாட்டும் உலகப் பந்தயமும்

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றுதற்குரிய நிலைக்களன்களை நான்காக வகுத்து, அவற்றுள் ஒன்றாக விளையாட்டை வைத்தார். பெருமிதம் தோன்றுதற்கும் நான்கு நிலைக்களன்கள் கூறினார். அவற்றுள் அஞ்சாமையாகிய தறுகணும் புகழும் அடங்கும். எனவே விளையாடுவோன் எய்துவது உவகை. அஞ்சாது நின்று புகழ் கொள்வோன் எய்துவது பெருமிதம். இவ்விரண்டும் ஒருவன்மாட்டு ஒருங்கே நிற்றல் கூடுமோ? நடுவர் எண்ணிட்டுத் தரம் பிரிக்கும் பந்தயமாக ஒரு விளையாட்டு மாறிய பின்னும் அதன்கண் விளையாட்டு எஞ்சி நிற்குமோ?

வினா பழையது. ஆயினும், நம் காலத்தே புதியதொரு விளையாட்டு இதனை மீண்டும் எழுப்பியுள்ளது. தெருவிலே பிறந்து, பல நகரங்களில் விரட்டப்பட்டு, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்தபின் ஒலிம்பிக் அரங்கத்தில் ஏறிய ஸ்கேட்போர்டிங் என்பதே அது. அதன் அமைப்பு, வரலாறு, போட்டி முறை, நம் நாட்டில் அது பெற்றுள்ள இடம் என்பனவற்றை முறையே ஆராய்ந்து, முதலில் எழுப்பிய வினாவிற்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயர்

முதற்கண் பெயரைப்பற்றிச் சில கூறுதல் வேண்டும். தமிழில் இதற்கு நிலைத்த பெயர் இல்லை. செய்தித்தாள்கள் ஸ்கேட்போர்டிங் என்றே எழுதுகின்றன. கடைவீதியில் ஸ்கேட்டிங் போர்டு என்றால்தான் பொருள் கிடைக்கும். சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்த நம் இலக்கண நூலார், பிற நிலத்துச் சொல் தமிழ்ச் செய்யுளுள் புகுதற்கும் வாயில் வைத்தனர். ஆகவே வழக்கில் வந்த சொல்லை வாயிலில் நிறுத்தி விரட்டுதல் நமக்கு இயல்பன்று. ஆனாற் பலகை, சக்கரம், அச்சு, சறுக்குதல், தாவுதல் என்னும் சொற்கள் நம்மிடம் உயிரோடு இருக்க, அவற்றையும் விட்டு அயற்சொல்லையே நாடுதல் வறுமையில்லாதான் இரத்தலை ஒக்கும். எனவே இக்கட்டுரையுள் ஸ்கேட்போர்டை உருள்பலகை என்றும், அதன்மீது நிகழ்த்தும் வித்தைகளுள் தமிழ்ப்பெயர் இல்லாதவற்றை வழங்கும் பெயராலேயே சுட்டியும் செல்வாம். நம் கட்டுமரம் ஆங்கிலத்திற் புகுந்து கேட்டமரான் எனத் திரிந்து உலகெங்கும் வழங்குகின்றது. கடலோரத்தார் இங்ஙனம் சொற்களைக் கொடுத்தும் கொண்டும் வாழ்தல் புதிதன்று.

2. பலகையின் உறுப்புகள்

உருள்பலகை பார்ப்பதற்கு எளியது. மேப்பிள் என்னும் மரத்தின் மெல்லிய தகடுகள் ஏழினைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகை. அகலம் ஏறத்தாழ 8 அங்குலம், நீளம் 31 அல்லது 32 அங்குலம். முன்னும் பின்னும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். பலகையின் அடியிலே இரண்டு உலோக அச்சுகள். ஒவ்வோர் அச்சிலும் இரண்டு சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்துள்ளும் இரண்டு பேரிங்குகள். ஆகச் சக்கரம் நான்கு, பேரிங்கு எட்டு. பலகையின் மேற்புறத்தில் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான தாள் ஒட்டப்பட்டிருக்கும். காலுக்கும் பலகைக்கும் யாதொரு கட்டும் இல்லை. பனிச்சறுக்குவோன் காலைப் பூட்டிக்கொள்கிறான். உருளைக்காலணி அணிவோன் வாரால் இறுக்கிக்கொள்கிறான். உருள்பலகையின்மேல் நிற்போனுக்கோ எடையும் உராய்வும் அன்றி வேறு துணையில்லை.

அங்ஙனமாயின், கட்டுண்ணாத பலகை காலோடு ஒட்டி வானில் எழுவது எவ்வாறு? இவ்விளையாட்டின் வித்தைகளுக்கெல்லாம் அகரம்போல் நிற்பது ஆலி என்னும் தாவல். பின்காலால் பலகையின் வாலை ஓங்கித் தரையில் அடித்தல் வேண்டும். அடித்த மாத்திரத்தில் முன்பக்கம் துள்ளி மேலெழும். அக்கணமே முன்காலைப் பக்கவாட்டிற் சாய்த்து முன்னோக்கி இழுத்தால், சொரசொரப்பான தாளில் உராயும் காலணி பலகையையும் உடனிழுத்து உயர்த்தும். தாழ்ந்த பின்பக்கமும் எழுந்து சமமாகும். உடம்பும் பலகையும் ஒருங்கே உயர்ந்து ஒருங்கே தாழ்வதால், காண்போர்க்குப் பலகை காலில் ஒட்டியிருப்பதுபோல் தோன்றும். அடித்தல், இழுத்தல், முழங்காலை மடித்தல் என்னும் மூன்றும் ஒரு நொடிக்குள் நிகழ்தல் வேண்டும். ஒன்று முந்தினாலும் பிந்தினாலும் பலகை ஒரு திசையிலும் ஆள் ஒரு திசையிலும் விழுவர். இதனைக் கற்பதற்குத் திங்கட்கணக்கிற் பயில்வோர் பலர்.

3. தோற்றமும் வளர்ச்சியும்

இதன் பிறப்பிடம் அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாக் கடற்கரை. காலம் 1950ஆம் ஆண்டுகளை அடுத்தது. அலைமேற் பலகையிட்டுச் சறுக்கும் இளைஞர், கடல் அலையின்றிக் கிடந்த நாட்களிற் சும்மாயிருக்க மாட்டாராய், பலகையின் அடியில் உருளைக்காலணியின் சக்கரங்களைத் தைத்துத் தெருவில் ஓட்டலாயினர். ஆகவே உருள்பலகை கடலின் குழந்தை, கரையில் வளர்ந்தது. தொடக்கத்திற் சக்கரங்கள் உலோகத்தாலும் பின்னர்ச் சுட்ட களிமண் போன்ற பொருளாலும் ஆனவை. சிறு கல் தடுக்கினும் சக்கரம் நின்றுவிடும், ஓட்டியவன் நில்லான்! அதனால் 1960களின் நடுவிற் சில காலம் பரவிய இவ்விளையாட்டு விரைவில் மங்கிற்று.

மீண்டும் உயிர் கொடுத்தது சக்கரம். 1970களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்தி என்பார் பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளாலான சக்கரத்தைப் புகுத்தினார். அது தரையைப் பற்றியது. சிறு கல்லின்மேல் ஏறி இறங்கியது. இரண்டாவது துணை வானத்தினின்றும் வந்தது, அதாவது, வாராமையால் வந்தது. 1976, 1977ஆம் ஆண்டுகளிற் கலிபோர்னியாவில் மழை பொய்த்தது. வீடுகளின் நீச்சற் குளங்கள் வறண்டு கிடந்தன. வளைந்த சுவருடைய அவ்வெற்றுக் குளங்களுக்குள் இளைஞர் இறங்கி, அலையின்மேற் செல்வதுபோல் சுவரின்மேல் ஏறி இறங்கினர். இக்காலத்துப் பந்தயத்தின் ஒருவகைக் களம் அக்குளங்களின் வடிவையே இன்றும் தாங்கி நிற்கின்றது. வறட்சியும் ஒரு விளையாட்டைப் பெற்றெடுக்கும் என்பது வியப்பே.

1970களின் இறுதியில் புளோரிடாவைச் சேர்ந்த ஆலன் கெல்ஃபாண்ட் என்பார் குளத்தின் சுவரிற் கையால் பற்றாமலே பலகையோடு எழும் தாவலைக் கண்டார். அவரது செல்லப்பெயர் ஆலி; தாவலுக்கும் அதுவே பெயராயிற்று. 1980களின் தொடக்கத்தில் ராட்னி முல்லன் என்பார் அதனைச் சமதரைக்குக் கொணர்ந்தார். அன்றுமுதல் படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, திண்ணை, நடைபாதையின் விளிம்பு ஆகிய எல்லாம் விளையாட்டுக் கருவிகளாயின. ஊரார் நடப்பதற்கென்று அமைத்தவற்றை இளைஞர் தாவுவதற்கென்று கண்டனர். வீட்டுக்காரரும் கடைக்காரரும் வெகுண்டனர். பல நகரங்கள் தடை விதித்தன. இத்தடையினாலே உருள்பலகையாளர் தமக்கென ஒரு கூட்டத்தாராய், பயிற்றுநரும் சீருடையும் இல்லாதவராய், ஒருவரிடம் ஒருவர் கற்பவராய் வளர்ந்தனர். பின்னர் எழுந்த பூசலுக்கு வித்து இதுவே.

4. உலகப் பந்தயத்திற் புகுதல்

2016ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ரியோ டி ஜனைரோ நகரிற் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழு, டோக்கியோப் பந்தயங்களில் அலைச்சறுக்கு, சுவரேற்றம், கராத்தே, பேஸ்பால் முதலியவற்றோடு உருள்பலகையையும் சேர்ப்பதென முடிவு செய்தது. அப்பொழுது உருள்பலகையாளருள் ஒரு சாரார் மகிழ்ந்திலர். எதிர்த்து விண்ணப்பமும் விடுத்தனர். அஃது அவரவர் தனியியல்பை வெளிப்படுத்தும் கலை என்றும், நாட்டுக் கொடியும் சீருடையும் பூட்டினால் உயிர் போய்விடும் என்றும் அவர் வாதிட்டனர். அடுத்த ஆண்டில் உருளைக்காலணி விளையாட்டுகளின் பன்னாட்டுக் கழகமும் உருள்பலகைக் கழகமும் ஒன்றாகி உலகச் சறுக்குக் கழகம் என்னும் பொருள்படும் வேர்ல்டு ஸ்கேட் ஆயின. 2018இல் இந்தோனேசியாவில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் உருள்பலகை முதன்முறை இடம்பெற்றது.

நோய்த்தொற்றால் ஓராண்டு தள்ளிய டோக்கியோப் பந்தயங்கள் 2021இல் நடந்தன. அவ்வாண்டு ஜூலை 25ஆம் நாள், அரியாக்கே என்னுமிடத்து அரங்கில், யூத்தோ ஹொரிகோமே என்னும் ஜப்பானியர் முதற் பொற்பதக்கத்தைப் பெற்றார். அவர் வளர்ந்த கோட்டோ வட்டாரத்திலேயே அவ்வரங்கமும் அமைந்திருந்தது. 2024இல் பாரிசு நகரின் நடுவே பிளாஸ் தெ லா கான்கார்டு என்னும் சதுக்கத்திற் களம் அமைத்தனர். எந்த நகரங்களின் சதுக்கங்களிலிருந்து முன்னர் விரட்டப்பட்டனரோ, அத்தகைய நகர் ஒன்றின் தலைச் சதுக்கத்திலேயே அவர்களுக்கு மேடையிட்டனர்! 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்செல்ஸ் பந்தயத் திட்டத்திலும் இவ்விளையாட்டுச் சேர்க்கப்பட்டுள்ளது. பிறந்த மாநிலத்திற்கே அது மீள்கின்றது எனலாம்.

5. போட்டி வகையும் மதிப்பிடும் முறையும்

போட்டி இருவகைப்படும்: தெருவகை, குளவகை. தெருவகைக் களத்திற் படி, கம்பி, திண்ணை, சரிவு ஆகியன அமைக்கப்பட்டிருக்கும். குளவகைக் களம் வறண்ட நீச்சற்குளங்கள் பல ஒன்றோடொன்று இணைந்தாற்போன்ற வளைவுகளும் பள்ளங்களும் உடையது. ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனியே இரண்டுமாக நான்கு போட்டிகள். பாரிசிற் போட்டிக்கு 22 பேர் வீதம் 88 பேர் கலந்துகொண்டனர். ஒரு போட்டியில் ஒரு நாட்டுக்கு மூவர்க்கு மேல் இடமில்லை.

குளவகையில் 45 நொடி கொண்ட ஓட்டங்கள் மூன்று; அவற்றுட் சிறந்த ஒன்றே கணக்கில் வரும். தெருவகையில் 45 நொடி ஓட்டங்கள் இரண்டும், தனி வித்தைகள் ஐந்தும் உள. பாரிசில் ஒவ்வொன்றற்கும் 100 எண் உச்சமாக வைத்து, சிறந்த ஓட்டம் ஒன்று, சிறந்த வித்தைகள் இரண்டு ஆகிய மூன்றன் கூட்டுத்தொகையைக் கொண்டனர். நடுவர் தரும் எண்களுள் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கி ஏனையவற்றின் சராசரியைக் கொள்வது வழக்கம். வித்தையின் அருமை, செய்த தூய்மை, வகைவகையாகச் செய்தல், களத்தின் எல்லாப் பகுதியையும் பயன்படுத்தல், ஓட்டத்தின் ஒழுகல் என்பனவே அவர் நோக்குவன. வித்தையின் முடிவிற் பலகைமீது நிலையாக நில்லாது விழுந்தால் அவ்வித்தைக்கு எண் சுழியமே.

இம்முறையின் நுட்பத்தைப் பாரிசில் நடந்த ஆடவர் தெருவகை இறுதிப் போட்டி நன்கு விளக்கும். ஹொரிகோமே ஓட்டத்தில் 89.90 பெற்றார், முதல் வித்தையில் 94.16 பெற்றார். இரண்டும் சேர 184.06. அதன்பின் மூன்று முறை முயன்று மூன்று முறையும் தவறினார். அமெரிக்கராகிய ஜாகர் ஈட்டன் 281.04 பெற்று முன்னின்றார். ஹொரிகோமேக்கு எஞ்சியது ஒரே வித்தை, முந்துவதற்கு 96.98க்கு மேல் வேண்டும். அவ்வொன்றிலே அவர் 97.08 பெற்றார். மொத்தம் 281.14; வேறுபாடு ஒரு புள்ளியிற் பத்திலொரு பங்கு! முந்நூற்றிலே பத்திலொரு பங்கால் ஒருவர் பொன்னும் ஒருவர் வெள்ளியும் கொண்டனர். இத்துணைச் சிறு வேறுபாட்டைக் கண்ணால் அளத்தல் இயலுமோ என்று ஐயுறுவார்க்கு யாம் கூறுவது: ஓட்டப் பந்தயத்திற் கருவி அளக்கின்றது, இங்கே பயின்ற கண் அளக்கின்றது. நாட்டியத்தையும் பாட்டையும் தரம் பிரிக்கும் அவையோர் செய்வதும் இதுவே. நடுவுநிலைமையும் பயிற்சியும் உள்ளவரை அம்முடிவு ஏற்கத்தக்கதாம்.

6. வயதும் தறுகணும்

இப்பந்தயத்தைக் காண்போர் முதலில் வியப்பது போட்டியாளரின் வயது. டோக்கியோவில் மகளிர் தெருவகையிற் பொன் பெற்ற மோமிஜி நிஷியாவுக்கு வயது 13. வெள்ளி பெற்ற பிரேசில் நாட்டு ரைஸா லியாலுக்கும் 13. வெண்கலம் பெற்ற ஃபூனா நகயாமாவுக்கு 16. குளவகையில் வெள்ளி பெற்ற கொகோனா ஹிராக்கிக்கு 12 வயதே. பாரிசிற் பொன் பெற்ற ஆஸ்திரேலியப் பெண் அரிஸா ட்ரூவுக்கு 14. சீனத்தினின்றும் வந்த ஜெங் ஹாவ்ஹாவ் 11 வயதினள். மறுபுறம் அதே பாரிசில் 51 வயதினராகிய ஆண்டி மெக்டானல்டு பிரித்தானியாவுக்காகக் களத்தில் இறங்கினார். பாட்டனும் பெயர்த்தியும் ஒரே களத்தில் நிற்கத்தக்க பந்தயங்கள் உலகிற் சிலவே.

சிறுவர் சிறத்தற்குக் காரணம் என்னை? உடல் எடை குறைவு. விழுந்தால் மோதும் விசையும் குறைவு. உயரம் குறைந்தமையால் உடம்பின் நடுநிலை தரைக்கு அணிமையில் உள்ளது. யாவற்றினும் மேலாக, பள்ளி முடிந்து மாலை முழுதும் ஒன்றையே நூறுமுறை செய்து சலியாத மனம் சிறுவர்க்கே உண்டு. ஆயினும் இதனை அச்சமற்ற அறியாமை எனல் பிழை. ஸ்கை பிரௌன் என்னும் பிரித்தானியச் சிறுமி 2020இல் பயிற்சியின்போது உயரத்திலிருந்து விழுந்து மண்டையோட்டிலும் கையிலும் முறிவுற்றாள். அடுத்த ஆண்டே டோக்கியோவில் வெண்கலம் பெற்றாள். வீழ்ச்சியின் நோவை அறிந்தபின்னும் ஏறுவதே தறுகண். அறியாமல் ஏறுவது துணிச்சல் மாத்திரமே. பதினெட்டு வயதிற்குட்பட்டோர் தலைக்கவசம் அணிதல் வேண்டும் என்னும் விதி இக்காரணத்தால் எழுந்தது.

7. உவகை எஞ்சியதோ?

இனி முதல் வினாவிற்கு வருவாம். எண்ணும் பதக்கமும் புகுந்தபின் உவகை அழிந்ததோ?

2021 ஆகஸ்டு 4ஆம் நாள் டோக்கியோவில் மகளிர் குளவகை இறுதிப் போட்டி நடந்தது. உலகத் தரவரிசையில் முதலிடத்தவளாகிய மிசுகு ஒகமோட்டோ என்னும் 15 வயதுப் பெண், கடைசி ஓட்டத்தில் எளியதை விடுத்து மிக அரிய வித்தைகளையே முயன்று, இறுதியில் விழுந்தாள். நான்காம் இடமே கிடைத்தது. கண்ணீரோடு வெளிவந்த அவளை அவளோடு போட்டியிட்ட பெண்கள் ஓடிவந்து சூழ்ந்து, தோளின்மேல் தூக்கிக் கொண்டாடினர். வென்றவளைத் தூக்குதல் எங்கும் காண்பது. தோற்றவளை, அதுவும் எதிராளிகளே, தூக்குதல் வேறெங்கும் எளிதிற் காணப்படாது. அவள் பெற்ற எண்ணை அவர்கள் கருதவில்லை. அவள் முயன்றதன் அருமையைக் கருதினர். தெருவில் ஒருவரிடம் ஒருவர் கற்ற கூட்டத்தின் பழக்கம் அரங்கத்திலும் அழியவில்லை என்பதற்கு இது சான்று.

இதற்கு மாறான படிப்பினையும் ஒன்றுண்டு. அதிலே நம் நாட்டாரும் பங்குகொண்டனர். 2022ஆம் ஆண்டுக்குரிய ஆசிய விளையாட்டுகள் 2023இல் சீனத்தின் ஹாங்சோ நகரில் நடந்தன. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள், உருளைக்காலணி விரைவோட்டத்தில் ஆடவர் 3000 மீட்டர் தொடரோட்டம். தென்கொரிய வீரர் கோட்டை அணுகியதும் வெற்றி தமதேயென எண்ணிக் கைகளை உயர்த்தினார். அந்நொடியிலே பின்னின்ற சீனத் தைப்பே வீரர் காலை முன்னே நீட்டினார். வேறுபாடு 0.01 நொடி, பொன் கைமாறிற்று. உவகையைப் பந்தயம் முடியுமுன் கொண்டாடினவர் பெருமிதத்தை இழந்தார். அப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்றது இந்திய அணி.

8. நம் நாட்டில்

அவ்வணியில் ஓடியவருள் ஒருவர் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார். அதே நாளில் வெண்கலம் பெற்ற மகளிர் அணியிற் சென்னையின் ஆரத்தி கஸ்தூரிராஜ் இருந்தார். ஆனந்த்குமார் 2025ஆம் ஆண்டு சீனத்தின் பெய்தாய்கே நகரில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டர் விரைவோட்டத்திற் பொற்பதக்கம் பெற்றார். விரைவுச் சறுக்கோட்டத்தில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. உருளைக்காலணியும் உருள்பலகையும் ஒரே உலகக் கழகத்தின்கீழ் உள்ள உடன்பிறப்புகள். ஒன்றிலே உலகை வென்ற தமிழகம் மற்றொன்றில் இன்னும் தொடக்கப் பள்ளியில் நிற்கின்றது. டோக்கியோவிலும் பாரிசிலும் உருள்பலகைப் பந்தயத்தில் இந்தியர் ஒருவரும் இறங்கவில்லை. 2022இல் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டுகளில் இதற்கு இடம் கிடைத்தது நன்னிமித்தமாம்.

ஆயினும் விதை விழாமல் இல்லை. மாமல்லபுரத்தில், கடற்கரையில் மீன் விற்றுப் பிழைத்த தாயின் மகள் கமலி மூர்த்தி. சிறு பருவத்திலே பாவாடைச் சிறுமியாய், வெறுங்காலோடு பலகைமீது சரிவில் இறங்கிய அவளுடைய படம் உலகெங்கும் பரவிற்று. கல்லிற் சிற்பம் செதுக்கிய ஊரில் ஓடும் சிற்பம் ஒன்றை உலகம் கண்டது. அவளையும் அவள் தாயையும் பற்றிய "கமலி" என்னும் குறும்படம் 2020இல் பிரித்தானியாவின் பாஃப்டா பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அவ்வாண்டு அப்பரிசைப் பெற்ற படமும், காபூல் நகரிற் சிறுமியர் உருள்பலகை கற்பதைப் பற்றியதே. வறுமைக்கும் போருக்கும் நடுவே இரு நாட்டுச் சிறுமியர் ஒரே பலகையைப் பற்றி நின்றனர் என்பது எண்ணத்தக்கது. கமலி பின்னர் அலைச்சறுக்கிலும் சிறந்து தேசியப் பட்டங்கள் பெற்றாள். 2025 ஆகஸ்டில் அதே மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தபொழுது, ரமேஷ் புதிஹால் வெண்கலம் பெற்று இந்தியாவுக்குப் பெருமை தேடித்தந்தார்.

மத்தியப் பிரதேசத்துப் பன்னாவை அடுத்த ஜன்வார் என்னும் சிற்றூரின் கதையும் கேட்கத்தக்கது. அங்கே 2015இல் உல்ரிக் ரைன்ஹார்டு என்னும் ஜெர்மானியப் பெண்மணியார் உருள்பலகைக் களம் ஒன்றை அமைத்தார். விதிகள் இரண்டே: பள்ளிக்குச் செல்லாதவர்க்குப் பலகை இல்லை, பெண்களுக்கே முதலிடம். சாதியால் விலகி நின்ற பிள்ளைகள் பலகைக்காக ஒரே வரிசையில் நின்றனர். அக்களத்திற் பயின்ற ஆஷா கோண்டு என்னும் பெண் 2018இல் சீனத்தின் நான்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவின் சார்பிற் கலந்துகொண்டாள். பதக்கம் வந்ததோ எனின், இல்லை. பள்ளி நிறைந்தது, தீண்டாமை தளர்ந்தது, தன் ஊரை விட்டறியாத பெண் உலகைக் கண்டாள். பதக்கப் பட்டியலில் இவற்றுக்கு நிரல் இல்லை.

9. நம் கரையில்

இனி மில்லர்புரத்தில் வாழும் நமக்கு இவ்விளையாட்டால் ஆவது என்னை? அலைச்சறுக்கை நாம் எளிதில் மேற்கொள்ள இயலாது. நம் மன்னார் வளைகுடா தென்கிழக்கே இலங்கையாலும், தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை நிரையாகக் கிடக்கும் 21 தீவுகளாலும் பவளப் பாறைகளாலும் காக்கப்பட்டது. அவ்வமைதியே முத்துச்சிப்பிக்கும் தோணிக்கும் துறைமுகத்திற்கும் நலம் செய்தது. அலைச்சறுக்குவோனுக்கோ அது வறட்சி. ஆனால் அலையில்லாத நாளிற் கலிபோர்னிய இளைஞர் செய்தது யாது? பலகைக்குச் சக்கரம் பூட்டினர். அலையில்லாத கரைக்கென்றே பிறந்த விளையாட்டு நம் கரைக்குப் பொருந்தாதோ?

வேண்டுவன மிகச் சில. வழுவழுப்பான சிமெண்டுத் தரை ஒன்று, முழங்காலுயரத் திண்ணை ஒன்று, ஒரு சரிவு, தலைக்கவசங்கள், பலர் மாறி மாறிப் பயன்படுத்தப் பலகைகள் ஐந்தாறு. நீச்சற்குளத்திற்கு ஆகும் பொருளில் ஒரு சிறு பங்கே இதற்கு ஆகும். சாலையை மட்டும் நாடலாகாது. துறைமுகம் நோக்கிப் பெட்டிச் சரக்கேற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடும் ஊர் இது. பாளையங்கோட்டைச் சாலையிற் பலகையோடு இறங்குதல் தறுகண் ஆகாது, மடமையே ஆகும். தனிக்களம் வேண்டுவது இதனாலேயே. மற்றொன்று, உப்பளக் காற்று பேரிங்குகளை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும்; விளையாடியபின் துடைத்து எண்ணெயிட்டு உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். விளையாட்டோடு பொருளைப் பேணும் பழக்கமும் பிள்ளைகளுக்கு வரும்.

கல்லூரி மாணவராகிய நாம் அக்களத்தின் பயிற்றுநராகலாம். மாலையில் மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் உப்பளத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் பலகையைக் கொடுத்துப் பக்கத்தில் நிற்கலாம். அதற்கு விலையுயர்ந்த காலணி வேண்டுவதில்லை என்பதை வெறுங்காற் சிறுமி ஒருத்தி மாமல்லபுரத்திற் காட்டிவிட்டாள். ஜன்வார் ஊரின் இரண்டு விதிகளை நாமும் கொண்டால் விளையாட்டோடு பள்ளியும் வளரும்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? உருள்பலகை கடலிற் கருக்கொண்டு தெருவில் வளர்ந்து அரங்கத்தில் ஏறிற்று. அரங்கம் அதற்கு எண்ணைக் கொடுத்தது. எண்ணோடு புகழையும் போட்டியையும் கொடுத்தது. உவகை அதனால் அழியவில்லை. அதனைக் காப்பதும் இழப்பதும் விளையாடுவோர் கையிலே உள்ளன. தோற்றவளைத் தோளில் ஏற்றியவர்மாட்டு உவகையும் பெருமிதமும் ஒருங்கே நின்றன.

நம் கரையிலே முத்துக்குளித்த காலத்தில், எடுத்த முத்துக்களைத் துளையளவு வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளில் இட்டுத் தரம் பிரித்தனர். சல்லடை ஒரு முத்தையேனும் பிறப்பித்ததில்லை. பிறந்த முத்தின் தரத்தை மட்டும் காட்டிற்று. முத்துப் பிறப்பது ஒருவரும் காணாத கடலடியிலே. பந்தயமும் பதக்கமும் சல்லடை போல்வன, அவை வேண்டற்பாலனவே. ஆயினும் முதலில் வேண்டுவது கடல். நம் ஊர்ப் பிள்ளைகள் அஞ்சாது விழுந்து எழுதற்கு ஒரு சிறு களம் கிடைக்குமாயின், சல்லடையில் இடுவதற்கு முத்துக்கள் தாமே வரும்.